கேட்டால் கையைத் தூக்கவும்

மாப்பிள்ளையைக் காணவில்லை. ஹாலில் இருந்த கடல்நீர்த் தொட்டியை முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து என்று எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காதம்மா மகனுக்குப் போன் போட்டாள்.

எந்த மாப்பிள்ளை என்று அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் ஒரே ஆள்தான். இரண்டு விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் மீன். சாப்பாடு சரியில்லை என்று சொல்வதற்காகவே காத்திருக்கிற முகத்தோடு எந்நேரமும் விறைப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெயர் வைத்தவர் அவள் கணவர். தொட்டிக்குள் வந்த எல்லாவற்றுக்கும் அவர் ஒரு உறவுமுறை சூட்டினார். பாறை மேல் குந்திக்கொண்டு உதட்டைப் பிதுக்கி எல்லாரையும் முறைக்கிற புள்ளி மீன், சம்பந்தியம்மா. வாய் வாயாக மணலை அள்ளி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி அதையே திருப்பிக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த வெள்ளை மீன், சின்ன மாமனார். உண்மையான சின்ன மாமனார் ஓய்வு பெற்ற பிறகு வீட்டு நாற்காலிகளை அப்படித்தான் இடம் மாற்றிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அவர் இந்தத் தொட்டியைப் பார்க்க வந்தபோதெல்லாம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"கடைசியா எப்பப் பாத்த?" என்றான் மகன்.

"நேத்து சாயங்காலம். சாப்பாடு போட்டப்ப வந்தாரு."

"வந்தாரா, இல்ல வந்த மாதிரி இருந்துச்சா?"

"டேய், வண்டி திருடு போச்சுன்னு உங்க ஆபீஸ்ல வந்து நிக்கிற ஆள்கிட்ட கேக்குற மாதிரி என்னைக் கேக்காத."

வாகனக் காப்பீட்டு விசாரணை அதிகாரி அவன். பெற்ற தாயையும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்காமல் அவனால் நம்ப முடியாது. முதலில் மணல் அள்ளுகிற சின்ன மாமனார் காணாமல் போனபோதும் அப்படித்தான் கேட்டான். பிறகு நீலக்குட்டி என்ற குட்டி மீன் போனது. இப்போது மாப்பிள்ளை. செத்து மிதந்திருந்தால் சரி, ஆயுசு முடிந்தது என்று விட்டுவிடலாம். இங்கே ஒரு செதில்கூட மிச்சமில்லை.

அவன் மெதுவாக, ரொம்ப மெதுவாக, உடைந்துவிடப் போகிற எதையோ கீழே வைப்பதுபோலச் சொன்னான். "அம்மா, கோவிச்சுக்காத. செத்த மீன நீயே எடுத்துப் போட்டுட்டு, மறந்திருப்பியோன்னு…"

காதம்மாவுக்கு முகம் சூடேறியது. போன மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனது உண்மை. தொட்டித் தண்ணீருக்கு உப்புக் கரைக்கும்போது போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து அவனையே கேட்டதும் உண்மை. அவன் அப்போது சிரித்தான். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மனதில் குறித்து வைத்திருக்கிறான், பாவி.

"தனியா இருக்க வேண்டாம்மா. எங்களோட வந்துடு. தொட்டிய மீன் கடைக்காரர் எடுத்துக்கிறேன்னுட்டார்."

"ஓ, அவர்கிட்ட பேசியாச்சா?"

"சும்மா விசாரிச்சேன்."

"நீ சும்மா விசாரிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? மீன் எங்க போகுதுன்னு நானே கண்டுபிடிச்சுக் காட்டுறேன். முடியலன்னா, நீ சொல்ற நாள்ல பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன். போதுமா?"

போனை வைத்த பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது உறைத்தது. மகன் வீடு நல்ல வீடுதான். மருமகள் தங்கமானவள். ஆனால் புத்தி நன்றாக இருக்கும்போது போவது வேறு, புத்தி போய்விட்டது என்று அழைத்துப்போகப்படுவது வேறு. அங்கே போனால் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதை நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவள் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. முப்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த, சத்தமே புகாத அறை. உள்ளே நோயாளி, வெளியே கண்ணாடிக்குப் பின்னால் இவள். ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. எவ்வளவு மெல்லமா கேட்டாலும் சரி" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை கை! காதம்மா என்ற பெயர் அங்கே வரும் குழந்தைகள் வைத்தது. அதுவே பிறகு வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

கணவரையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் முதலில் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் பல்செட் செய்துகொண்டிருந்தவர். நாள் முழுக்கப் பல் ராவுகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டதோ என்று சோதிக்க வந்தார். சத்தம் கொடுத்தாலும் கையைத் தூக்கினார். கொடுக்காவிட்டாலும் தூக்கினார். இவள் கதவைத் திறந்து, "நான் சத்தமே போடலியே சார்" என்றாள். "போடப் போறீங்கன்னு தெரிஞ்சுது" என்றார் மனிதர், முகத்தில் ஒரு அசடு வழிய. அன்றைய சோதனையை மறுவாரம் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு மறுவாரமும். காதும் பல்லும் சேர்ந்து குடித்தனம் நடத்தப் போகிறது என்று ஆஸ்பத்திரியே சிரித்தது.

அவர் போய் ஒன்றரை வருடமாகிறது.

தேட ஆரம்பித்தாள். துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று முழங்கால் வலியைப் பார்க்காமல் தரையில் படுத்து, தொட்டி நிற்கிற மர அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்தாள். ஒரு சீப்பும், அவர் மாதிரிக்கு வைத்திருந்த ஒற்றைக் கடைவாய்ப் பல்லும்தான் கிடைத்தன. பல்லைத் துடைத்து மேலே வைத்தாள். தொட்டியின் மேல்வலையில் ஓட்டை இல்லை. வடிகட்டி அறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். வழவழவென்று பாசி, வேறொன்றும் இல்லை. மருந்துச் சொட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதித்தாள். தண்ணீர் சுத்தமாக இருந்தது. மணலில் மட்டும் நத்தை ஓடுகள் சில வெறுமையாகக் கிடந்தன, ஓரம் உடைந்து. நத்தைக்கும் காலம் வரும்தானே என்று அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகன் வந்தான். வந்த கையோடு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டு, இவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். தொட்டி வாங்கிய நாளிலிருந்து பழக்கமான கடைக்காரர். எந்த நேரமும் வெற்றிலைபோல எதையாவது மென்றுகொண்டே பேசுகிற குரல்.

"என்ன வேணா இருக்கலாம். நண்டு இருக்கலாம், புழு இருக்கலாம், சில நேரம் மீனே மீனத் தின்னுடும். பாறையோட ஒட்டிக்கிட்டு எதாச்சும் வந்திருந்தா ரொம்ப நாள் பொந்துக்குள்ளயே இருக்கும், கண்ணுலயே படாது. தொட்டியில எதாவது சத்தம் கேக்குதாம்மா? டக்கு டக்குன்னு?"

மகன் அவளைப் பார்த்தான்.

"இல்லையே" என்றாள் காதம்மா.

பொய். பச்சைப் பொய்.

சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் போன சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் முதல்முதலாகக் கேட்டாள். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஹாலிலிருந்து, டக். கை அப்படியே நின்றது. மீனுக்குச் சாப்பாடு போடுமுன் அவர் மோதிர விரலால் கண்ணாடியில் தட்டுவார், இதே சத்தம். "வாங்க வாங்க, பந்தி ரெடி" என்பார். எல்லா உறவுக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு மேலே வருவார்கள். அவள் ஹாலுக்கு ஓடிவந்து பார்த்தாள். யாரும் இல்லை. இருக்கமாட்டார் என்று தெரிந்தும் பார்த்தாள்.

அதன் பிறகு அடிக்கடி கேட்டது. முதலில் பயம். பிறகு பழக்கம். பிறகு, சொல்ல வெட்கம்தான், ஆசை. சாயங்கால டீயை அடுக்களையில் குடிப்பதை விட்டுவிட்டுத் தொட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். டக் என்றதும், "இருங்க, வரேன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்குக் கறிகாய்க்காரன் ஏமாற்றியது, மாடிவீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு டக் வந்தால் அவர் ஆமாம் போட்டதாக வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்தாள் என்று ஊரே உச்சுக் கொட்டியது. அவள் அவ்வளவு தனியாக ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அது நிஜமான சத்தம் என்று அவள் ஒரு நாளும் நம்பவில்லை. முப்பது வருடத் தொழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. யாரையாவது புதிதாகப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பஞ்சறைக்குள் உட்கார்ந்தால், இவள் பொத்தானை அழுத்தாத நேரத்திலும் சிலருக்குக் கை உயரும். மனசு கேட்கிற சத்தம் என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அவர்களை அவள் திட்டியதில்லை. கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். தனக்கும் அதுதான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள். காதைப் பற்றிக் கரைத்துக் குடித்தவள் என்பதால் இவள் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் மகனிடம் எப்படிச் சொல்வது? மீனையே எண்ணத் தெரியவில்லை என்கிறான். அப்பா தட்டுகிறார் என்று வேறு சொன்னால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அடுத்த புதன்கிழமை ஜோடியில் ஒன்று போனது.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் அவை, புருஷன் பெண்டாட்டி. இரண்டுக்கும் அவர் தனித்தனிப் பெயர் வைக்கவில்லை, ஜோடி என்றே சொல்வார். ஒன்று நீந்தினால் மற்றது பின்னாலேயே போகும். இப்போது ஒன்று மட்டும் அந்த மூலைக்குப் போவதும், திரும்பிப் பார்ப்பதும், மறுபடி வருவதுமாக இருந்தது. காதம்மா அதைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் போனபோது வந்தவர்களுக்கு டீ போடுகிற அவசரத்தில் சரியாக அழவில்லை. அந்தப் பாக்கியும் சேர்ந்து வந்தது.

மகனிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரேம்மா" என்றான். குரலில் ஜெயித்த தொனி இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கேஸ் சிலிண்டர்காரனோடு போனில் சண்டை. மூன்று நாளாக இதோ வருகிறேன் என்கிறான். "நான் என்ன உங்க வீட்டு வாசல்லயா வந்து நிக்கணும்?" என்று இவள் கத்திக்கொண்டிருந்தபோது, டக்! பலமாக. காதம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கையிலிருந்த போன் நழுவியது. தொட்டியின் அடியில், கடைசிப் பாறைக்கு முன்னால், மணல் புகைபோலக் கிளம்பி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அடங்கிய இடத்தில் ஒரு நத்தை ஓடு கிடந்தது, இரண்டாகப் பிளந்து.

அவள் ஓட்டைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். போனை நழுவவிட்ட கை.

பஞ்சறையில் எத்தனையோ பேர் இல்லாத சத்தத்துக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். தூக்கும்போது முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். ஒருவர்கூடத் திடுக்கிட்டதில்லை. மனசு கேட்கிற சத்தத்துக்காக அந்த மனசே முன்கூட்டியே காத்திருக்கும், பிறகு எப்படித் திடுக்கிட முடியும்? இப்போது அவள் அவரை நினைக்கவே இல்லை. சிலிண்டர்காரனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் மடித்த அட்டைப்பெட்டிகளோடு வந்தான். அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"பெட்டி அப்புறம் கட்டலாம். முதல்ல அந்த நாற்காலியில உக்காரு. சுவரப் பாத்து."

"எதுக்கும்மா?"

"உக்காருடா. சின்ன வயசுல எத்தன தடவ எனக்காக உக்காந்திருக்க. சத்தம் கேட்டா கையத் தூக்கு."

"என்ன சத்தம்?"

"அதச் சொல்லிட்டா அது டெஸ்ட்டே இல்ல."

தொட்டியின் மோட்டாரை நிறுத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மாடிவீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள், அவன் கை அசையவில்லை. தெருவில் பஸ் ஒன்று மூச்சுவிட்டு நின்றது, அசையவில்லை. நல்ல நோயாளி. அவன் பின்னந்தலையில் நரை எட்டிப் பார்ப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவருக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது.

இவன் கை தூக்காவிட்டால் தன் கதை முடிந்தது. மீனும் போய், புத்தியும் போய், அந்தப் பெட்டிகளோடு கிளம்ப வேண்டியதுதான்.

டக்.

மகனின் வலது கை விருட்டென்று மேலே போயிற்று.

நம்பாமல் காத்திருந்தாள். வேண்டுமென்றே புடவையைச் சரசரவென்று இழுத்து விட்டுக்கொண்டாள். கை தூக்கவில்லை. இன்னும் வெகுநேரம் ஒன்றுமில்லை, அப்போதும் தூக்கவில்லை. டக் என்றது. தூக்கினான். உடனே இன்னொரு டக். தூக்கிய கையை இறக்காமலே இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

எனக்கு ஒன்றுமில்லை என்று காதம்மா மனதுக்குள் கத்தினாள். என் காதும் நன்றாக இருக்கிறது, மூளையும் நன்றாக இருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் கேட்கிற சத்தம் என்றால் அது வேறு எதுவோ. அது அவர் இல்லை.

மகன் திரும்பினான். முகம் ஒரு மாதிரி இருந்தது. "எத்தன நாளாம்மா கேக்குது?"

"அப்பா போனதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

எல்லாவற்றையும் சொன்னாள். மோதிர விரல், சாயங்கால டீ, கறிகாய்க்காரன் கதை. மறைக்க இனி என்ன இருக்கிறது? அவன் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விசாரணைத் தொழிலுக்கு வந்த பிறகு அவன் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். பிளந்த ஓட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஆகா! அது ஒரு ஜாதி இறாலு. கைய முஷ்டி மாதிரி மடக்கி வெச்சிருக்கும். விட்டுச்சுன்னா ஓடெல்லாம் தூள். மீன் பக்கத்துல வந்தாலும் ஒரே குத்துதான். பாறையோட எடுத்து வெளிய வெச்சு, பொந்துக்குள்ள கொஞ்சம் சோடா ஊத்துங்க. மூச்சு முட்டி வெளிய வந்துடும். வெறுங்கையால மட்டும் தொட்டுடாதீங்க."

எந்தப் பாறை என்று காதம்மா கண்ணாடியில் காதை வைத்துச் சொன்னாள். கடைசிப் பாறை. அவர் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின வாரம் ஈரத்துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தது. "பாரு, எவ்வளவு பொந்து! எல்லாருக்கும் ஆளுக்கொரு ரூம்" என்று பூரித்துப்போய், அது அசையாமல் இருக்கப் பல்செட் ஒட்டுகிற சிமெண்ட்டால் ஒட்டினார். இத்தனை உறவுக்காரர்களையும் தின்று தீர்த்த விருந்தாளியை அவரே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் ஒட்டினது சாமானியத்தில் விடுமா? மகன் கையுறை போட்டுக்கொண்டு, உளியை வைத்து நெம்பி, வியர்த்து விறுவிறுத்து அதைப் பெயர்த்தெடுத்தான். வாளியில் வைத்து சோடாவை ஊற்றியதும் பொந்திலிருந்து பச்சையாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நடுவிரல் நீளம்தான் இருக்கும். இரண்டு காம்புக் கண்களையும் தனித்தனியாகத் திருப்பி முதலில் அவனைப் பார்த்தது, பிறகு அவளை. முதுகில் மயில்நிறம். அழகாகத்தான் இருந்தது, சனியன். வேறு வாளியில் உப்புத் தண்ணீர் பிடித்து அதை மாற்றினார்கள். கடைக்காரர் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மகன் கை கழுவிவிட்டு வந்து, சுவரோரம் சாய்ந்திருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"நீ இங்கேயே இரும்மா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். உன் கணக்குல ஒரு தப்பும் இல்ல."

அவள் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். இரண்டு வாரமாக அதற்காகத்தான் தரையில் படுத்து டார்ச் அடித்தாள். மோட்டாரை மறுபடி போட்டிருந்தார்கள், தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. சம்பந்தியம்மா பாறை இல்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தால், யாரிடம் பேசுவது?

"நீ கையத் தூக்காம இருந்திருக்கலாம்டா" என்றாள் காதம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் பெட்டிகளைக் கீழே போட்டான். அவள் எதிரே தரையில், சின்னப் பிள்ளையில் உட்காருகிற மாதிரி, சப்பணமிட்டு உட்கார்ந்தான். அப்பாவின் காரியங்கள் எல்லாவற்றையும் கண் கலங்காமல் முன்னின்று நடத்தி முடித்தவன், இப்போது மூக்கை உறிஞ்சினான்.

"எனக்கும் அப்பான்னுதாம்மா தோணுச்சு" என்றான். "அதான் அவ்வளவு வேகமாத் தூக்கினேன்."